கண்மாய்க் கரையில் கேமரா: நீர்ப்பறவைப் படங்களின் கதை

மார்கழி பிறந்துவிட்டால் நம் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் கோலப் படங்களுக்கு அடுத்தபடியாக அதிகம் வருவது கண்மாய்ப் பறவைகளின் படங்கள்தான். நடைப்பயிற்சிக்குப் போனவர், பால் வாங்கப் போனவர், தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவர் என்று ஆளுக்கொரு படம் போடுவார்கள். பின்னால் மலை, மலைமேல் கருமேகம், அதற்கு முன்னால் வெயில் பட்டுப் பளீரென்று ஒரு கொக்குக் கூட்டம். உடனே யாராவது ஒருவர் "ஃபில்டர் போட்டீர்களா?" என்று கேட்பார். "இல்லை சார், அப்படியே எடுத்தது" என்று பதில் வரும். இரண்டு நாளைக்கு விவாதம் ஓடும்.

இந்தக் கேள்வி இன்று நேற்றுப் பிறந்ததில்லை. நம் ஊரிலிருந்து எண்பது கிலோமீட்டருக்குள் இருக்கிற மதுரையிலேயே இதற்கு 160 ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. இந்த இதழில் அதைத்தான் சொல்லப்போகிறேன். நீர்ப்பறவைகளை இயற்கை வெளிச்சத்தில் படம் பிடிப்பது எப்படித் தொடங்கியது, நம் பக்கத்து மனிதர் ஒருவர் அதை எங்கே கொண்டுபோனார், நம் கண்மாய்களுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்பதெல்லாம் இதில் வரும்.

1856-ல் மெட்ராஸ் மாகாணத்துக்கு அரசுப் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டவர் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி. 1858-ல் அவர் மதுரையைப் படம் எடுத்தார். மீனாட்சியம்மன் கோயில், திருமலை நாயக்கர் மகால், தெப்பக்குளம் எல்லாம் அந்தத் தொகுப்பில் இருக்கின்றன. அவர் பயன்படுத்தியது மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவ். வெளிச்சத்தை மிக மெதுவாக வாங்கும் சரக்கு அது. கேமராவைக் காலூன்றி நிறுத்தி, மூடியைத் திறந்து வைத்துக் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்துக்குள் அசைகிற எதுவும் படத்தில் தங்காது. தண்ணீரின் அலைகூடத் தேய்ந்து கண்ணாடி போலாகிவிடும். குறுக்கே ஒரு கொக்கு பறந்திருந்தால் அதன் சுவடுகூட இருக்காது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. அன்றைய ரசாயனப் பூச்சுகள் நீல ஒளிக்கு மட்டும் அளவுக்கு மீறி மசியும். அதனால் வானம் முழுதும் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தது போல வரும், மேகம் தெரியாது. டிரைப் என்ன செய்தார் தெரியுமா? நெகட்டிவின் மேல் கையாலேயே வண்ணம் தீட்டி மேகங்களை உண்டாக்கினார். இன்று அருங்காட்சியகங்களில் நாம் வியந்து பார்க்கும் அந்த வானங்களில் சில, தூரிகையில் பிறந்த வானங்கள். "ஃபில்டரா?" என்று கேட்கிற நம் குழு நண்பர் அன்று இருந்திருந்தால் டிரைப் துரை பாடு திண்டாட்டம்தான்.

ஆக, மேகமும் இல்லை, பறவையும் இல்லை என்ற இடத்திலிருந்துதான் இந்தக் கலை நம் பக்கத்தில் தொடங்கியது.

பறவையை முதலில் பிடித்தவர்கள் அழகைத் தேடிப் போனவர்கள் இல்லை. பிரான்சு நாட்டு உடலியல் அறிஞர் எத்தியென் ழூல் மரே, பறவை எப்படி இறக்கை அடிக்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்பினார். 1882-ல் அவர் ஒரு கருவி செய்தார். பார்க்க அசல் துப்பாக்கி. தோளில் வைத்துக் குறிபார்த்து விசையை இழுத்தால், ஒரு விநாடிக்குள் 12 படங்கள் விழும். கேமராவும் துப்பாக்கியும் அங்கேயே உறவுமுறை ஆகிவிட்டன. ஆங்கிலத்தில் இன்றும் படம் எடுப்பதைச் 'சுடுவது' என்றுதான் சொல்கிறார்கள். நாம் 'எடுப்பது' என்கிறோம், 'பிடிப்பது' என்கிறோம். சுடுவதை விட மேல் என்று வைத்துக்கொள்ளலாம்.

அதே காலத்தில் இங்கிலாந்தில் கியர்ட்டன் சகோதரர்கள் கூடுகளையும் முட்டைகளையும் படம் எடுக்க ஆரம்பித்தார்கள். பறவைக்குச் சந்தேகம் வராமல் நெருங்குவதற்காக, உள்ளே ஆள் நுழைகிற மாதிரி ஒரு மாட்டுப் பொம்மையை, அசல் மாட்டுத் தோலிலேயே செய்து அதற்குள் உட்கார்ந்தார்கள். நம் ஊரில் செய்திருந்தால் நாய்கள் விட்டிருக்காது. அதுவும் ராஜபாளையம் நாய்கள்! இந்தியாவில் ரயில்வேயில் வேலை பார்த்த லோதர் என்ற ஆங்கிலேயர் பல ஆண்டுகள் பறவைகளைப் படம் எடுத்து, 1949-ல் அந்த அனுபவத்தை ஒரு புத்தகமாகவே போட்டார். அவருக்கு முன்னும் பின்னும் சிலர் இருந்தார்கள். எல்லோரையும் இங்கே வரிசையாக நிறுத்த வேண்டியதில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் தாண்ட முடியாது. படம் எடுப்பதற்கு முதலில் பறவை இருக்க வேண்டும். அந்தப் பறவைகளை விட்டுவைத்தவர்கள் யார்?

வேடந்தாங்கலுக்குப் போயிருப்பீர்கள். அங்கே வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரியில் பறவைகளைச் சுட்டபோது ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள். கலெக்டரிடம் முறையிட்டார்கள். 1798-ல் செங்கல்பட்டுக் கலெக்டர் லியோனல் பிளேஸ், பறவைகளுக்குத் தீங்கு செய்யக்கூடாது என்று ஊராருக்குக் கௌல் எழுதிக் கொடுத்தார். புகைப்படம் என்ற ஒன்று உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839-ல். அதற்கு 41 ஆண்டு முன்பே தமிழ்நாட்டு விவசாயிகள் நீர்ப்பறவைக்காகச் சர்க்காரிடம் எழுத்து வாங்கியிருக்கிறார்கள். இந்த லியோனல் பிளேஸ் யார் என்றால், மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமர் கதையில் வருகிற அதே துரை. இரவில் மழையில் ஏரிக்கரை உடையுமோ என்று பார்க்கப் போனவருக்கு இரண்டு வில்லாளிகள் கரையைக் காப்பது தெரிந்தது என்பார்களே, அவர்தான். ஏரியையும் பறவையையும் ஒரே ஆளின் பெயரோடு சேர்த்து மக்கள் நினைவு வைத்திருப்பது எனக்குத் தற்செயலாகத் தோன்றவில்லை.

ஊரார் காத்ததற்குக் காரணம் வெறும் பரிவு மட்டும் இல்லை. ஆயிரக்கணக்கான பறவைகளின் எச்சம் தண்ணீரில் விழுந்து தழைச்சத்து ஆகிறது. அந்தத் தண்ணீர் மடை வழியாக வயலுக்குப் போகிறது. காசில்லாமல் உரம். இதே அறிவு நம் பக்கத்திலும் உண்டு. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிச் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. பறவை பயந்து போய்விடுமாம். நெல்லை மாவட்டம் கூந்தன்குளத்திலும் அப்படித்தான். சிவகாசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைச் சொல்வது கொஞ்சம் தர்மசங்கடம்தான், இருந்தாலும் உண்மை. கூந்தன்குளத்தை அரசு சரணாலயம் என்று அறிவித்தது 1994-ல். அதற்கு முன்பே ஊர் அறிவித்துவிட்டது.

இந்தப் பின்னணியில்தான் மா. கிருஷ்ணன் வருகிறார்.

பெயர் கேள்விப்படாதவர்களுக்கு: 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் கடைசிப் பிள்ளை. 1912 ஜூன் 30 அன்று திருநெல்வேலியில் பிறந்தவர். மாதவையாவின் பூர்விகம் ஸ்ரீவைகுண்டம் பக்கத்துப் பெருங்குளம். சென்னையில் அவர்கள் குடியிருந்த வீட்டின் பெயரும் 'பெருங்குளம் ஹவுஸ்'. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் இதைப் படித்தால், நம்மிடமும் பெரியகுளம் இருக்கிறதே என்று நினைப்பீர்கள். தாமிரபரணிக் கரையானாலும் நம் மலையடிவாரமானாலும், குளத்தின் பெயரால் தன்னை அடையாளம் சொல்லிக்கொள்வது தெற்கத்தி மனிதனின் குணம்.

கிருஷ்ணன் தாவரவியல் படித்தவர். சந்தூர் சமஸ்தானத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்தார். பிறகு வேலை என்று எதிலும் இல்லாமல் எழுத்தையும் படத்தையும் நம்பியே வாழ்ந்தார். கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950-ல் அவர் தொடங்கிய இயற்கைப் பத்தி, 1996 பிப்ரவரியில் அவர் இறக்கும் வரை, 46 ஆண்டுகள் வந்தது. பத்மஸ்ரீ விருதும் பெற்றார். தமிழிலும் எழுதினார். சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்த 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற புத்தகத்தில் அந்தக் கட்டுரைகளைப் படிக்கலாம். பறவைகளுக்கு நம் மக்கள் வைத்திருக்கும் பெயர்களைப் பற்றி யோசிக்கிற எவரும் படிக்க வேண்டிய புத்தகம்.

நமக்கு இப்போது முக்கியம் அவருடைய கேமரா. கடையில் வாங்கிய முழுக் கேமரா இல்லை அது. ஒரு கம்பெனியின் உடல், இன்னொன்றின் லென்ஸ், நடுவே தானே பொருத்திய இணைப்பு என்று ஒட்டுப்போட்டு உருவாக்கியது. அந்தக் கனத்த பண்டத்துக்கு அவர் வைத்த செல்லப் பெயர் 'சூப்பர் பாண்டரோசா'. நம் ஊர் வொர்க்ஷாப்களில் பழைய மோட்டாரும் வேறு பம்பும் சேர்த்து ஓடவைக்கிற மெக்கானிக்குகளை நினைத்துக்கொள்ளுங்கள், அந்த இனம். கலர் ஃபிலிம் தாராளமாகக் கிடைத்த பிறகும் அவர் கறுப்பு வெள்ளையை விடவில்லை.

கறுப்பு வெள்ளையில் மஞ்சள் மூக்கு நாரையின் வாலோர இளஞ்சிவப்பு காணாமல் போகும். நீலத் தாழைக்கோழியின் நீலமும் போய்விடும். அந்தக் குறை இருக்கத்தான் செய்கிறது. பதிலாகக் கிடைப்பது வெளிச்சம். நிறம் இல்லாதபோது படத்தில் மிஞ்சுவது எங்கே வெயில் விழுந்தது, எங்கே நிழல் விழுந்தது என்பது மட்டும்தான். இறகின் அடுக்கு, தண்ணீரின் மினுமினுப்பு, மரத்தின் கரடு எல்லாம் அந்த இரண்டின் விளையாட்டாகவே வந்தாக வேண்டும். வெளிச்சம் சரியில்லை என்றால் கறுப்பு வெள்ளையில் ஒளிந்துகொள்ள இடமில்லை.

வேடந்தாங்கலுக்கும் அவருக்கும் நெடுநாள் உறவு. அந்த ஏரியையும் அதன் பறவைகளையும் பற்றிப் பலமுறை எழுதினார். அன்றைய ஃபிலிமின் வேகத்தை நினைத்துப் பாருங்கள். 100, 200, மிஞ்சிப்போனால் 400 ஏ.எஸ்.ஏ. அதிகாலையில் நீண்ட லென்ஸ் போட்டால் ஷட்டர் விநாடியில் முப்பதில் ஒரு பங்கு, அறுபதில் ஒரு பங்கு என்றுதான் நிற்கும். பறக்கும் பறவையை நிறுத்த ஐந்நூறில் ஒரு பங்காவது வேண்டும். எனவே அந்தக் காலத்துப் படங்களில் நல்ல காலை வெளிச்சம் இருந்தால் பறவை உட்கார்ந்திருக்கும். பறவை பறந்தால் வெயில் உச்சிக்கு ஏறியிருக்கும். இரண்டும் ஒன்றாக அமைந்த படம் என்றால், அந்த ஆள் எத்தனை காலைகள் வெறுங்கையோடு திரும்பியிருப்பார் என்று நாமே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ஒரு ரோலில் சில படங்கள்தான். ஒவ்வொரு கிளிக்கும் காசு.

எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது வேறொன்று. 1968-ல் ஜவாஹர்லால் நேரு ஃபெலோஷிப் கிடைத்து, தென்னிந்தியத் தீபகற்பத்தின் பெரிய பாலூட்டிகளைப் பற்றிக் களஆய்வு செய்தார். 1975-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் அதைப் புத்தகமாக வெளியிட்டது. தலைப்பிலேயே '1959 முதல் 70 வரை இந்தியக் காட்டுயிர்' என்று ஆண்டு போட்டிருந்தார். அழகான கவித்துவமான தலைப்பு அவருக்கு வராமலா போயிருக்கும்? எப்போது பார்த்தேன் என்பதுதான் முதல் செய்தி என்று நினைத்தார். பெரும்பாலான படங்களில் விலங்கு மட்டும் பெரிதாக நிற்காது. அது நிற்கிற புல், மரம், தண்ணீர் எல்லாம் இருக்கும். ஐம்பது ஆண்டு கழித்து அந்தப் படங்கள் சாட்சி சொல்கின்றன, இந்த இடம் அன்று இப்படி இருந்தது என்று.

இப்போது நம் கண்மாய்க்கு வருவோம்.

நம் இரண்டு ஊர்களுக்கும் மேற்கே மலை. நிலம் மலையிலிருந்து கிழக்காகச் சரிகிறது. ஓடைகள் கிழக்கே ஓடிவருகின்றன. அந்தத் தண்ணீரை நிறுத்த வேண்டுமென்றால் கரையைத் தாழ்ந்த பக்கம், அதாவது கிழக்கே போட வேண்டும். ஆகவே நம் பக்கத்துக் கண்மாய்கள் பெரும்பாலானவற்றில் பிறை வடிவக் கரை கிழக்கே, நீர்ப்பரப்பு அதற்கு மேற்கே, அதற்கும் மேற்கே மலை. காலையில் கரைமேல் நடக்கிற உங்களுக்கு முதுகுப்புறம் சூரியன். எதிரே பறவைகள்மேல் நேராக வெயில் விழுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் மலைமேல் மேகம் படுத்திருக்கும்போது கிழக்கு வானம் மட்டும் திறந்திருந்தால், இருட்டுத் திரைக்கு முன்னால் விளக்குப் போட்ட மேடை போலக் கண்மாய் தெரியும். வாட்ஸ்அப் குழுவில் நாம் பார்க்கிற அந்தப் படம் இப்படித்தான் வருகிறது. ஃபில்டர் வேண்டியதில்லை. தண்ணீருக்காகக் கரை போட்ட முன்னோர் நமக்குத் தெரியாமலேயே சரியான இடத்தில் பெஞ்சு போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

மாலை அப்படி இல்லை. கடற்கரை ஊர்களைப் போல அஸ்தமனம் வரை பொன்வெயில் நமக்குக் கிடையாது. சூரியன் மலைக்குப் பின்னால் முன்கூட்டியே இறங்கிவிடும். தண்ணீர்மேல் நிழல் விழுந்த பிறகும் வானம் மட்டும் வெகுநேரம் ஒளிரும். அந்த நேரத்தில் பறவையின் நிறத்தைத் தேடிப் பயனில்லை. நீர்க்காகம் இறக்கை விரித்துக் காயவைக்கிற கருநிழல், வரிசையாக அடையத் திரும்புகிற கொக்குகள், அரிவாள் மூக்கனின் வளைந்த அலகு போன்ற உருவக் கோடுகள்தான் அப்போது படம்.

ஒரு சின்ன நுணுக்கம் கேட்டவர்களுக்காக: கருமேகத்தின் முன் வெள்ளைக் கொக்கு நின்றால் செல்போன் ஏமாந்துவிடும். காட்சி முழுதும் இருட்டு என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டும். மேகம் வெளிறிச் சாம்பலாகும், கொக்கு இறகே தெரியாத வெள்ளைத் துணியாகும். திரையில் கொக்கின்மேல் தொட்டு, பக்கத்தில் வருகிற சூரியக் குறியைக் கீழே இழுத்து, இறகு தெரிகிற அளவுக்குக் குறையுங்கள். மேகம் தானாகக் கறுத்துக்கொள்ளும். டிரைப்புக்குத் தூரிகை தேவைப்பட்டது. நமக்கு ஒரு விரல் போதும்.

மார்கழியில் நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு வசதி. எப்படியும் விடியுமுன் எழுந்து கோயிலுக்குக் கிளம்புகிறோம். பறவைகள் குரல் கொடுக்கத் தொடங்கியதைச் சொல்லித்தான் ஆண்டாளும் தோழியை எழுப்புகிறாள். வடக்கிலிருந்து வலசை வருகிற வாத்துகளும் உள்ளான்களும் இங்கே இருக்கிற மாதமும் அதுதான். கோயிலிலிருந்து திரும்பும் வழியில் கண்மாய்ப் பக்கம் ஒரு எட்டுப் போய்வரலாம்.

இனிச் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கலாம்.

டிஜிட்டல் வந்த பிறகு ஃபிலிம் காலத்துத் தடை எல்லாம் போய்விட்டது. விடியுமுன் பறக்கிற பறவையைக்கூட நிறுத்திவிடலாம். ஒரு காலையில் ஆயிரம் படம் எடுத்தாலும் செலவில்லை. தடை போனதும் பொறுமையும் போய்விட்டது. கூட்டம் பறந்தால்தான் படம் நன்றாக வரும் என்று கைதட்டுகிறவர்களையும், கல்லை எடுத்து எறிகிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். கூடு இருக்கிற கருவேல மரத்துக்குக் கீழேயே போய் நிற்கிறார்கள். தாய்ப்பறவை எழுந்து பறந்தால் வெயிலில் குஞ்சு வதங்கும். காகமும் பருந்தும் அந்த நேரத்துக்குத்தான் காத்திருக்கும். சிலர் டிரோன் விடுகிறார்கள். பறவைக்கு அது பெரிய பருந்து.

1972-ம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்கு விளக்கம் கொடுத்திருக்கிறார்கள். கொல்வதும் பிடிப்பதும் மட்டும் அதில் இல்லை. காட்டுப் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும், முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் அதில் சேர்த்தி. மரே செய்த துப்பாக்கிக் கேமரா ஞாபகம் வருகிறதா? வேடந்தாங்கல்காரர்கள் சிப்பாயை விரட்டினார்கள். இன்று துப்பாக்கி இல்லாமல் லென்ஸோடு வருகிறவனை யார் விரட்டுவது என்பதுதான் கேள்வி. படம் எடுக்கிற நம் வீட்டுப் பிள்ளைகளிடம் முதலில் நாமே பேசலாம்.

இன்னொரு கவலையும் இருக்கிறது. நம் மலைக்குக் காவல் உண்டு. சாம்பல் நிற அணில் சரணாலயம் 1988-ல் வந்தது. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் ஆனது. நல்ல காரியம். ஆனால் அந்தக் காவலெல்லாம் மலைக்கும் காட்டுக்கும்தான். அடிவாரத்துக்குக் கிழக்கே சமவெளியில் கிடக்கிற கண்மாய்கள் அதற்குள் வராது. பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்தில் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் பறவைகள் சரணாலயங்கள் 2022-ல் ராம்சார் பட்டியலிலேயே ஏறிவிட்டன. நம் கண்மாய்ப் பறவைகளுக்கு அப்படி ஒரு சீட்டு கிடையாது. இருப்பது கரைமேல் நடக்கிற நம் கண்கள்தான்.

கண்கள் மறந்துபோகும். முன்னால் தண்ணீர் எதுவரை நின்றது, எந்த மரத்தில் நாரை கூடு கட்டியது, எந்த இடத்தில் இப்போது மண் கொட்டிச் சமன் செய்திருக்கிறார்கள், ஆகாயத்தாமரை எந்த வருஷம் மூடியது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வோம். "எங்க காலத்துல கடல் மாதிரி கிடக்கும்" என்று பெரியவர்கள் சொல்வது மனுவில் எடுபடாது. தேதி போட்ட ஒரு படம் எடுபடும். கலுங்கும் கரையும் மலை முகடும் தெரிகிற படமாக இருந்தால் எந்த இடம் என்று யாரும் தகராறு செய்ய முடியாது. அழகுக்காக எடுத்த படம் இப்படி ஆவணமாகவும் ஆகும். ஆனால் ஒரு நிபந்தனை: பறவையின் கண்ணை மட்டும் பெரிதாக்கி, பின்னணியை மங்க அடித்து எடுத்த படம் உலகத்தின் எந்தக் குளத்திலும் எடுத்ததாக இருக்கலாம். போட்டியில் பரிசு வாங்கும், பெரியகுளத்துக்குச் சாட்சி சொல்லாது. ஒரு படம் அப்படி நெருங்கி எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுத்ததாகக் கொஞ்சம் பின்வாங்கி, மலையும் கரையும் சேர்ந்து விழும்படி இன்னொன்று எடுங்கள்.

நம் வீடுகளில் பழைய ஆல்பங்கள் இருக்கின்றன. கிளிக் த்ரீ, யாஷிகா காலத்துப் படங்கள். புதுமணத் தம்பதி கண்மாய்க் கரையில் நின்றது, பள்ளிப் பிள்ளைகள் சுற்றுலா போனது, புது சைக்கிளோடு அப்பா நின்றது. படத்தில் அப்பாவைத்தான் பார்த்திருப்போம். அவர் முதுகுக்குப் பின்னால் பாருங்கள்: தண்ணீர் எதுவரை நிற்கிறது? வெள்ளைப் புள்ளியாக என்ன தெரிகிறது? தூசு என்று நினைத்தது கொக்காக இருக்கலாம். அந்தப் படங்கள் கிடைத்தால் செல்போனில் நேராக வைத்துப் பிரதி எடுத்துச் சங்கத்துக்கு அனுப்புங்கள். படத்தின் பின்புறம் ஏதாவது எழுதியிருந்தால் அதையும் சேர்த்து எடுங்கள். அசலை யாருக்கும் கொடுக்க வேண்டாம், வீட்டிலேயே பத்திரமாக இருக்கட்டும். வீட்டு மனிதர்கள் தெரிவதில் விருப்பமில்லை என்றால் சொல்லுங்கள், அந்தப் பகுதியை விட்டுவிட்டுச் சேர்த்துக்கொள்கிறோம்.

புதிதாக எடுப்பவர்கள் ஒவ்வொரு படத்தோடும் நான்கு செய்தி எழுதுங்கள்: கண்மாயின் பெயர், எந்தக் கரையில் நின்றீர்கள், எந்தத் திசை பார்த்து எடுத்தீர்கள், தேதியும் நேரமும். கூடு தெரிகிற படமாக இருந்தால் எந்த மரம் என்பதைப் பொதுக் குழுவில் போட வேண்டாம். சங்கத்துக்கு மட்டும் தனியாக அனுப்புங்கள். அடுத்த ஆண்டு அதே மாதம் அதே இடத்தில் நின்று இன்னொன்று எடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் சுருங்கிப்போகும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் முழு அளவில் வரும்.

பறவைப் பெயர் தெரியவில்லை என்று தயங்க வேண்டாம். பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுதும் 2015 முதல் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று, பார்த்த பறவைகளை எண்ணிப் பதிவேற்றினால் போதும். யார் வேண்டுமானாலும் சேரலாம். வருகிற பொங்கலுக்கு மறுநாள் காலை ஆறு மணிக்கு, பெரியகுளம் கண்மாய்க் கரையில் நம் சங்கத்து ஆட்கள் சிலர் நிற்போம். பைனாகுலர் இரண்டு இருக்கிறது, மாற்றி மாற்றிப் பார்க்கலாம். ராஜபாளையத்திலிருந்து வருகிறவர்கள் முதல் நாளே சொல்லிவிட்டால் ஒரே வண்டியில் சேர்ந்து வர ஏற்பாடு செய்யலாம். பளிச்சென்ற நிறத்தில் சட்டை போடாமல் வாருங்கள். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள்.